ஆயுத பூஜையன்று ஓடிய மெஷின்

1

அன்று அந்த ஷெட்டுக்குள் யார் யார் இருந்தார்கள் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஏழுமலை. நான். ஐந்து நிமிடம் வந்துவிட்டுப் போன வைதேகி மேடம். காலையிலேயே பூஜையை முடித்துவிட்டுப் பொரிப் பொட்டலத்தோடு வீட்டுக்குக் கிளம்பிவிட்ட அட்டெண்டர் கன்னியப்பன். அவரைச் சேர்ப்பதா என்று எனக்குக் குழப்பம்தான். சேர்க்கத்தான் வேண்டும், மெஷின்களுக்கெல்லாம் பொட்டு வைத்தது அவர். அப்புறம் வரிசையாக நின்ற மெஷின்கள், மாலையும் சந்தனமும் குங்குமமுமாக. வேறு யாரும் இல்லை. கதவுக்குப் பின்னால்கூட இல்லை. எத்தனையோ தடவை மனசுக்குள் போய்ப் பார்த்துவிட்டு வந்திருக்கிறேன்.

இப்போது நான் இருப்பது பெர்த்தில், ஆஸ்திரேலியாவின் மேற்குக் கரை ஊர். சிங்கப்பூரில் சில வருடங்கள் இருந்துவிட்டு இங்கே வந்தோம். சுரங்க மெஷின்களைப் பழுதுபார்க்கும் கம்பெனியில் டர்னர் வேலை, லேத்தில் இரும்பு கடைவது. ஒன்பதாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவனுக்கு இது பெரிய இடம்தான். விசா வாங்கும்போது படிப்புச் சான்றிதழ் கேட்டார்கள். என்னிடம் இருந்தது, ராயப்பேட்டை லேத் பட்டறை முதலாளி லெட்டர்பேடில் எழுதிக் கொடுத்த ஒரு பக்கம். அது போதாது என்று என்றைக்காவது ஒரு கடிதம் வரும் என்று இன்னமும் தபால் பெட்டியைப் பயந்துதான் திறக்கிறேன்.

எங்கள் வீட்டில் வருடத்தில் ஒரு நாள் மோட்டார் வைத்த எதுவும் ஓடாது. மிக்ஸி, வாஷிங் மெஷின், கார், மகளின் ஹேர் டிரையர்கூட. ஆயுத பூஜை. நானும் அன்றைக்கு வேலைக்கு லீவு போட்டுவிடுவேன். காரணம் கேட்கிற கட்டத்தில் 'குடும்பம்' என்று எழுதுவேன். வெளியே போகவேண்டி வந்தால் பஸ்தான். பஸ்ஸில் மட்டும் மோட்டார் இல்லையா என்று மகள் ஒருதரம் கேட்டாள்.

"அது கவர்மெண்ட் மோட்டாரு. அதோட பாவம் அவங்களுக்கு" என்றாள் என் மனைவி மல்லிகா.

சிரிப்பதற்காகச் சொன்னதல்ல. அவள் அண்ணன் ஏழுமலை செத்தது ஆயுத பூஜைக்கு மறுநாள்.

2

தொண்ணூறுகளின் நடுவில் நடந்தது. ஏழுமலைக்கு வீடு ஊரூர் ஒல்காட் குப்பத்தில். படகு எஞ்சின் ரிப்பேர் செய்வான். எனக்குத் தூரத்துச் சொந்தம். மல்லிகாவை எனக்குப் பேசி முடித்தபிறகு 'டேய்' என்பதை விட்டுவிட்டு 'மாப்ள' என்று கூப்பிட ஆரம்பித்தான். நான் மச்சான் என்பேன்.

கடலுக்குப் போன ஃபைபர் படகு திரும்பி வந்தால் அதை மணலில் ஏற்றப் பத்துப் பேர் தோள் கொடுக்க வேண்டும். ஆள் சேரும்வரை படகு அலையில் கிடந்து அடிவாங்கும். இதற்கு ஒரு விஞ்ச் செய்யவேண்டும் என்பதுதான் ஏழுமலையின் கனவு. கயிறு சுற்ற ஓர் உருளை, சுற்றுவதற்கு ஒரு கைப்பிடி, உருளை பின்னால் திரும்பிவிடாமல் பிடித்துக்கொள்ள ஒரு பல்சக்கரம்.

"ரெண்டே ரெண்டு பொம்பளைங்க போதும் மாப்ள. பேசிக்கினே படக இஸ்துடுவாங்க" என்பான்.

அடையாற்றுப் பக்கத்தில் ஒரு பல்கலைக்கழகம். பெயர் வேண்டாம். உருப்படியான யோசனையோடு வரும் வெளியாட்களுக்குச் சனிக்கிழமைகளில் தங்கள் ஒர்க்‌ஷாப்பைத் திறந்துவிடுவார்கள். மாதிரி ஒன்று செய்து பார்த்துக்கொள்ளலாம். மெஷினுக்கு வாடகை கிடையாது, இரும்பு மட்டும் நம்முடையது. இங்கே இப்போது அந்த மாதிரி இடத்துக்கு மேக்கர்ஸ்பேஸ் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். நாங்கள் ஷெட் என்போம், அவ்வளவுதான். உருளைக்கு அச்சாகப் புதுப்பேட்டையில் பழைய லாரி ஆக்சில் ஒன்றை வாங்கி, இரண்டு பேரும் சைக்கிளில் கட்டித் தள்ளிக்கொண்டு போனோம்.

கேட்டில் வாட்ச்மேன் நிறுத்தினார். "எந்த டிபார்ட்மெண்ட்டு?"

"மீன் டிபார்ட்மெண்ட்டு சார்" என்றான் ஏழுமலை. அவர் தலையாட்டி உள்ளே விட்டுவிட்டார். நான்தான் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனேன், பின்னாலேயே வந்து பிடித்துவிடுவாரோ என்று.

ஷெட்டுக்குப் பொறுப்பு வைதேகி மேடம். மயிலாப்பூர்க்காரர். முதல் நாள் ஏழுமலையின் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஏம்ப்பா, இது டிராயிங்கா? கோலம் மாதிரின்னா இருக்கு!"

"கோலம்னா எங்க மல்லி இத்தவிட நேரா போடும் மேடம்."

மேடம் சிரித்துவிட்டு அவரே உட்கார்ந்து அளவெல்லாம் போட்டுக் கொடுத்தார். அவர் அளவில் தப்பு இருந்ததில்லை. இதைச் சொல்லிவிடுவது நல்லது. அப்புறம் யாராவது அவரைக் குறை சொல்லப்போகிறார்கள்.

3

மகளின் பெயர் எழில். மாமா பெயரின் சாயலில் மல்லிகா தேர்ந்தெடுத்தது. இங்கே யாருக்கும் வாயில் நுழையாததால் பள்ளிக்கூடத்தில் எஸ் ஆகி, பிறகு எஸி ஆகி, இப்போது அவள் போனில் தன்னைச் சொல்லிக்கொள்வதும் அப்படித்தான். தமிழ் பேசுவாள், எழுதப் படிக்கத் தெரியாது. பல்கலைக்கழகத்தில் டிசைன் படிக்கிறாள். அங்கேயே பக்கத்தில் சிநேகிதிகளோடு வீடு எடுத்துக்கொண்டு போனபிறகு, நாங்கள் அழைத்தால் எடுப்பாள். அவளாக அழைப்பது குறைந்துவிட்டது. எடுக்காவிட்டால் எனக்கு ஆஸ்பத்திரி, போலீஸ் என்று எல்லாம் வரிசையாகத் தோன்றும்.

போன வருடம் ஆயுத பூஜையன்று காலை மல்லிகா கூப்பிட்டதற்கு எடுத்தாள். மறுநாள் ஒரு மாடல் ஒப்படைக்கவேண்டுமாம். மேக்கர்ஸ்பேஸில் லேசர் மெஷின் வைத்து ப்ளைவுட் வெட்ட அன்று மத்தியானம்தான் அவளுக்கு நேரம் ஒதுக்கியிருந்தார்களாம்.

"இன்னிக்கா? இன்னிக்கு மெஷினா? தோ பாரு, உங்க மாமா எப்டி செத்தான்னு தெரியுமா தெரியாதா?"

"அம்மா, எவ்ரி இயர் இதே சொல்ற. இது லேத் இல்லம்மா. லைட். வெறும் லைட்."

மல்லிகா போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். அவளுக்குப் பயம். எனக்கும்தான். மெஷினில் வேலை செய்கிறவனுக்கு மெஷின் பயம் இருக்காது என்று நினைக்காதீர்கள். அவனுக்குத்தான் கூடுதல், எது எங்கே இழுக்கும் என்று தெரியும் அல்லவா.

"நீ போயா. கைய புடிச்சி இஸ்துக்கினு வா. வரலன்னா மெஷினுக்கு ஒரு பொட்டாவது வச்சிட்டு வா" என்றாள். பூஜைத் தட்டிலிருந்து குழைத்த சந்தனத்தையும் குங்குமத்தையும் இரண்டு சின்ன டப்பாக்களில் அடைத்துக் கொடுத்தாள். இரண்டு பஸ் மாறிப் போனேன். வழியெல்லாம் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

4

அந்த ஆயுத பூஜைக்கு வருகிறேன்.

மறுநாள் விஜயதசமி. லீவு நாளானாலும் நல்ல நாள் என்று அன்று காலை மீன்துறையிலிருந்தும் பாங்கிலிருந்தும் ஆட்கள் கடற்கரைக்கு வருவதாக ஏற்பாடு. விஞ்ச் வேலை செய்தால் கடன் கிடைக்கும், குப்பத்திலேயே பட்டறை போட்டுவிடலாம். ஒரே ஒரு வேலை பாக்கி. ஆக்சிலின் முனையைக் கொஞ்சம் கடைந்து இளைக்கவேண்டும். பல்சக்கரத்தை அதில் சுத்தியலால் தட்டி ஏற்றினால் இறுக உட்காரவேண்டும். அது லேத்தில்தான் முடியும்.

ஆயுத பூஜைக்குப் பொட்டு வைத்த மெஷினை மறுநாள் விஜயதசமி காலைவரை ஓட்டக்கூடாது. சென்னையில் எந்தப் பட்டறையிலும் இதுதான் வழக்கம். வைதேகி மேடம் வந்ததும் அதைத்தான் சொன்னார்.

"இன்னிக்கு ஓட்டப்படாதுப்பா. நாளைக்குக் கார்த்தால எட்டு மணிக்கு நானே வந்து திறந்து விடறேன்."

"எட்டு மணிக்கு ஆபீசருங்க பீச்சாண்ட வந்துருவாங்க மேடம்."

மேடம் அவனைப் பார்த்தார். லேத்தைப் பார்த்தார். சாவியை மேசைமேல் வைத்தார். "ஆத்துல கொலுவுக்கு மனுஷா வந்துண்டிருக்கா. நான் கிளம்பறேன். போறச்சே லைட்டை அணைச்சுட்டு, சாவியை வாட்ச்மேன்கிட்ட குடுத்துடு."

அவர் ஸ்கூட்டர் சத்தம் மறைந்ததும் ஏழுமலை ஆக்சிலைத் தூக்கி லேத்தில் மாட்டினான்.

"மச்சான், வேணாம். என்னால தொட முடியாது" என்றேன்.

"நீ தொடாத மாப்ள. வாசல்ல நின்னு யாரும் வராங்களான்னு பாரு. பயப்படறதுக்குன்னே பொறந்தவன் நீ, அந்த வேலையை நல்லா செய்வ."

நான் கதவருகே நின்றேன். அவன் மோட்டாரைப் போட்டான். சாமந்திப்பூ மாலை நழுவி விழுந்தது. எடுத்துப் பக்கத்து மெஷினின் கழுத்தில் போட்டான். லேத்தில் கைச்சக்கரத்தோடு ஒட்டி ஒரு வளையம் இருக்கும். வெட்டும் டூலை எவ்வளவு உள்ளே தள்ளுகிறோம் என்று காட்டும் மெல்லிய கோடுகள் அதில் போட்டிருக்கும். வட்டமாக, நெற்றி மாதிரி இருந்ததாலோ என்னவோ, கன்னியப்பன் பொட்டை அதன்மேல்தான் வைத்திருந்தார். சந்தனம் காய்ந்து அப்பிப் போயிருந்தது.

"இன்னா மாப்ள, கோடே தெர்ல. கண்ணாலப் பொண்ணாட்டம் ஜோடிச்சி வெச்சிகீறாரு மனுசன்!"

நான் சிரித்தேன் என்று நினைக்கிறேன். அவன் மெஷின் துடைக்கும் நூல் கழிவை, காட்டன் வேஸ்ட்டை, எடுத்து வளையத்தின் பக்கம் கொண்டுபோனான். தொடவில்லை. கையை இழுத்துக்கொண்டான்.

"வாணாம். மெஷின ஓட்டுனத சாமி மன்னிச்சிரும். பொட்ட அழிச்சா மன்னிக்காது. அடுத்த மாசம் மல்லிக்கு கண்ணாலத்த வச்சிக்கினு..."

தெரிந்த கோடுகளிலிருந்து தெரியாததை மனசுக்குள் எண்ணி வெட்டினான். அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஒரு கீறல்கூட இல்லை. மோட்டாரை நிறுத்தியதும் நான் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டேன்.

பல்சக்கரத்தை ஏற்றியபோது சுத்தியல் தேவைப்படவில்லை. கையால் தள்ளியதும் உள்ளே போய்விட்டது. "கொஞ்சம் லூசு" என்றான். பவுடர் டப்பாத் தகட்டை வெட்டி இடுக்கில் சொருகி, குறுக்கே ஒரு பின் அடித்தான். "நாளிக்கு காட்டிட்டு, அப்பால வேற போட்டுக்கலாம்."

மறுநாள் காலை கரையில் நல்ல கூட்டம். ஆபீசர்கள் பேண்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு நின்றார்கள். ஏழுமலைதான் கைப்பிடியைச் சுற்றினான். படகு மணலில் ஏறியது. பாதி தூரம் அழகாக ஏறியது. பையன்கள் விசிலடித்தார்கள். அப்போது பல்சக்கரம் ஆக்சிலில் வழுக்கிவிட்டது. படகு கடலைப் பார்த்துச் சரிய, உருளை பின்னால் சுழல, கைப்பிடி அவன் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு சுற்றி வந்து நெற்றிப்பொட்டில் அடித்தது. ஆட்டோவில் போட்டு ராயப்பேட்டை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். மத்தியானத்துக்குள் முடிந்துவிட்டது.

பூஜையன்று மெஷினை ஓட்டினான் என்பது எப்படியோ தெரிந்துபோனது. சாமி குத்தம் என்றார்கள். எங்கள் கல்யாணம் ஒரு வருடம் தள்ளிப்போனது. மல்லிகா அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டாள். நானும்தான். பிடித்துக்கொள்ள வேறு எதுவும் இல்லை.

5

பெர்த் மேக்கர்ஸ்பேஸ் கண்ணாடிச் சுவர் வைத்த பெரிய அறை. உள்ளே நுழைவதற்கு முன்னால் விருந்தாளி என்று பெயர் பதியவேண்டும், பாதுகாப்பு வீடியோ பார்க்கவேண்டும், கண்ணுக்கு ப்ளாஸ்டிக் கண்ணாடி மாட்டவேண்டும். 'உங்களுக்கு ஏதாவது பயம் அல்லது பதற்றம் உண்டா' என்று ஒரு கேள்வி இருந்தது. எந்த அளவைக் கேட்கிறார்கள் என்று புரியாமல் 'இல்லை' என்று போட்டேன்.

எழில் என்னைப் பார்த்ததும் முகத்தைச் சுளிக்கவில்லை, அதுவே ஆறுதல். ஆனால் சுற்றிலும் பார்த்தாள், யார் கவனிக்கிறார்கள் என்று.

"அப்பா, அம்மா அனுப்பிச்சாளா?"

"சும்மாதான் வந்தேம்மா. நாளைக்கு வெட்டக்கூடாதா?"

"நாளைக்கு சப்மிஷன். ப்ளீஸ்ப்பா. இங்க உக்காரு. எதையும் தொடாத. ப்ளைவுட் எடுத்துட்டு வரேன்."

லேசர் மெஷினின் மூடி திறந்திருந்தது. உள்ளே ஒரு தண்டவாளம், ஒரு தலை, அந்த ஒளியைத் திருப்பிவிட ஓரத்தில் ரூபாய் நாணயம் அளவு ஒரு கண்ணாடி. அந்தக் கண்ணாடி இருந்த சின்ன உலோகத் தட்டு நெற்றி மாதிரி இருந்தது. என்ன சொல்ல, எனக்கும் அப்படித்தான் தோன்றியது. டப்பாவைத் திறந்து சந்தனத்தைத் தொட்டேன். கண்ணாடியின் விளிம்புக்கு மேலேதான் வைக்கப் பார்த்தேன். விரல் வழுக்கிக் கண்ணாடியிலேயே பட்டுவிட்டது. அவள் காலடி கேட்டது. டப்பாவை மூடிக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

மூடியைச் சாத்திவிட்டு அவள் பட்டனை அழுத்தினாள். சத்தமே இல்லை. கொஞ்ச நேரத்தில் ஒரு வாசனை. ப்ளைவுட் கருகுகிற வாசனைக்கு நடுவில் சந்தனம். அந்த ஷெட்டின் வாசனை. நான் எழுந்து நின்றுவிட்டேன். டிக் என்று ஒரு சத்தம், கண்ணாடிக் குவளையில் வெந்நீர் ஊற்றினால் வருமே, அந்தச் சத்தம். மெஷின் தலை அசைந்துகொண்டிருந்தது, ஆனால் வெட்டவில்லை.

பொறுப்பில் இருந்த லியாம் என்ற பையன் வந்து மெஷினை நிறுத்தித் திறந்தான். எழில் பஞ்சு சுற்றிய குச்சியால் கண்ணாடியைத் துடைத்தாள். பஞ்சு மஞ்சளானது. அதன் அடியில் கண்ணாடி விரிசல் விட்டிருந்தது. பஞ்சை முகர்ந்து பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"அப்பா. நீ வச்சியா?"

சட்டைப் பையிலிருந்து டப்பாவை எடுத்துக் காட்டினேன்.

"சரி, வச்ச. ஏன் சொல்லல? சொல்லியிருந்தா நான் தொடச்சிருப்பேனே!"

தொடச்சிருப்பேனே. அவள் கோபத்தில் சொன்ன சாதாரண வார்த்தை. ஆனால் எனக்கு அந்த ஷெட்டின் கதவு திறந்துகொண்டது. காட்டன் வேஸ்ட்டோடு வளையத்தருகே போன கை. திரும்பி வந்த கை. மறைந்த கோட்டை மனசுக்குள் எண்ணியவன் ஒன்றிரண்டு கூடுதலாக எண்ணியிருந்தால் ஆக்சில் அளவுக்கு மேல் இளைத்திருக்கும். இளைத்ததால் சக்கரம் லூசு. லூசானதால் வழுக்கிற்று. இவ்வளவு காலம் மெஷின் ஓடியதை நினைத்தே பயந்தேன். ஓடியதில் ஒன்றும் இல்லை. அவன் துடைக்காமல் விட்டதில்தான் இருந்தது.

உறுதியாகச் சொல்ல முடியுமா என்றால் முடியாது. பின் வலுவில்லாமல் இருந்திருக்கலாம், தகடு நழுவியிருக்கலாம். ஆனால் லேத்தில் இத்தனை காலம் நின்றவன் நான். சுத்தியலே படாமல் உள்ளே போன சக்கரத்தின் சத்தம் எனக்குத் தெரியும்.

லியாம் விபத்து அறிக்கையைக் கம்ப்யூட்டரில் திறந்தான். பொருளின் பெயர். எரிச்சல் உண்டாக்குமா. அதற்கான பாதுகாப்புத் தாள் உண்டா. எதற்காகப் பூசப்பட்டது. எழில் 'அலங்காரம்' என்று அடித்தாள்.

"பாதுகாப்புக்குன்னு போடும்மா" என்றேன்.

என்னைப் பார்த்தாள். மாற்றவில்லை. மிச்சத் துண்டுகளை அன்று சாயங்காலம்வரை கைரம்பத்தால் அறுத்தாள். மோட்டார் இல்லாத ரம்பம். நான் பலகையைப் பிடித்துக்கொண்டேன்.

6

வீட்டுக்கு வந்ததும் மல்லிகா கேட்டாள். "மெஷினு?"

"நின்னு போச்சு."

"பொட்டு வச்சப்புறமா?"

"ம்."

அவள் சுவரில் மாட்டியிருந்த அண்ணன் படத்தைப் பார்த்துக் கும்பிட்டாள். கண்ணில் தண்ணீர். "பாத்தியா. எங்கண்ணன்தான்யா நிறுத்திகீறான். பொண்ண வுட்டுருவானா அவன்?"

நான் சாப்பிடப் போய்விட்டேன்.

அவளிடம் எப்படிச் சொல்வது? சாமி குத்தம் என்றால் சாமியைத் திட்டலாம். சில நாள் திட்டவும் செய்கிறாள், காதால் கேட்க முடியாது. ஆனால் அந்தப் பொட்டை அவன் துடைக்காமல் விட்டது அவள் கல்யாணத்துக்காக. இதைக் கேட்டபிறகு அவள் யாரைத் திட்டுவாள்? காலையில் கண்ணாடி முன்னால் நின்று அவள் குங்குமம் வைத்துக்கொள்ளும்போது இப்போதெல்லாம் நான் அந்த அறையில் நிற்பதில்லை. வைத்தபிறகு விரல் நுனியை முந்தானையில் துடைப்பாள். அதைப் பார்க்க முடியவில்லை. அடுத்த ஆயுத பூஜைக்கு அவள் டப்பாவை நீட்டினால் என்ன செய்வேன் என்று இப்போதே யோசிக்க ஆரம்பித்துவிட்டேன்.

அவளுக்கு நான் எழுதுவதைப் படிக்கும் பழக்கம் இல்லை. பெயர்களையும் மாற்றியிருக்கிறேன். அப்படியும் பயமாகத்தான் இருக்கிறது. அடையாளம் தெரிந்தவர்கள் யாராவது இருந்தால் தயவுசெய்து போன் போட்டுச் சொல்லிவிடாதீர்கள்.

புதுக் கண்ணாடிக்கும் மாட்டும் கூலிக்கும் சேர்த்து முந்நூற்று இருபது டாலர் கேட்டார்கள். கட்டும்வரை எழிலின் மேக்கர்ஸ்பேஸ் அட்டையை முடக்கிவிடுவோம் என்றார்கள். அவளே கட்டிவிட்டாள். அம்மாவுக்குத் தெரியவேண்டாம், மாசம் நாற்பதாக அப்பா எனக்குத் திருப்பிக் கொடுத்தால் போதும் என்றாள். மொத்தமாகவே கொடுத்திருப்பேன். ஆனால் முதல் மாதம் அவளாகவே போன் செய்தாள்.

"அப்பா, இந்த மாசம் நாப்பது?" என்றாள். பிறகு வைக்காமல், "அந்த மாமா எப்படிப்பா? ஜாலி டைப்பா?" என்றாள்.

மீன் டிபார்ட்மெண்ட் கதையைச் சொன்னேன். போனில் அப்படிச் சிரித்தாள். அடுத்த மாதம் கோலம் மாதிரி இருந்த படம். அதற்கடுத்த மாதம் ஆக்சிலைச் சைக்கிளில் தள்ளிக்கொண்டு போனது. ஒவ்வொரு தடவையும் "அப்புறம்?" என்கிறாள். அவளுக்கும் லேத் தெரிகிறது இப்போது, அளவு தெரிகிறது. மாலை நழுவி விழுந்ததுவரை வந்துவிட்டேன். அடுத்து அவன் காட்டன் வேஸ்ட்டை எடுக்கவேண்டும்.

கண்ணாடிக் கணக்கில் இன்னும் எண்பது டாலர் பாக்கி.